இடது வளைவு

"இடதுபக்கம் திரும்பினால் க்ரூஸ் விழுந்துவிடுகிறது"
என்றார் டெல்மர் பஷ்னியாக், தொப்பியைக் கழற்றாமல்.
ரோஸ்டவுன் போகும் சாலையில், தானிய எலிவேட்டர் தாண்டி.
போகும்போது மட்டும். வரும்போது இல்லை.

இடது என்றதுமே என் மனசு
ஸ்டீயரிங்குக்குள் போய்விட்டது.
அங்கே ஒரு நாடா உண்டு,
தட்டையாய், கடிகார வில்போலச் சுருண்டு;
எந்தப் பக்கம் திருப்பினாலும்
இறுகியும் தளர்ந்தும் கூடவே போகும்.
ஹாரன், ஏர்பேக், க்ரூஸ் எல்லாம்
அதில் ஏறித்தான் கீழே இறங்க வேண்டும்.
ஒரு இழை விட்டுப்போனால்
நேரே போகும்வரை தெரியாது.

பேட்டரியைக் கழற்றினேன்.
ஏர்பேக்கில் தேங்கியது வடியப் பத்து நிமிடம்.
மஞ்சள் இணைப்பில் மீட்டர் வைக்காதே என்று
சிவப்பு மையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்,
எனக்காகவே.
வெளியே மைனஸ் இருபத்தேழு.
காபியைக் குடிக்காமல் அதில் கையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்.
பம்பர் புதுசா, என்றேன் சும்மா.
"நவம்பரில் ஒரு மான்."
அவ்வளவுதான். மீதி ஒன்பது நிமிடமும்
ஹீட்டர்தான் பேசியது.

நாலு பொத்தான், ஒரே கம்பி.
ஒரே சந்தில் வருகிற நாலு பேரை
நடையை வைத்தே இன்னார் என்று சொல்வதில்லையா,
அப்படி, ஒவ்வொன்றின் பின்னாலும்
ஒவ்வொரு அளவில் ஒரு தடை.
கணினி ஐந்து வோல்ட்டை அனுப்பிவிட்டு
எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்கும்.
இவ்வளவா, செட்.
இவ்வளவா, ரெஸ்யூம்.
சுத்தமாக ஒன்றுமில்லையா, ஆஃப்.
ஐந்தும் அப்படியே நின்றால் யாரும் தொடவில்லை.
காபி சிந்திப் பச்சை பூத்துவிட்டால்
நடை நொண்டும், கணினிக்கு ஆள் புரியாது.
அதைத்தான் எதிர்பார்த்து உட்கார்ந்தேன்.

சுழி. நூற்றிருபது.
அறுநூற்றெண்பது. இரண்டாயிரத்து இருநூறு.
அழுத்த அழுத்த அசையாத எண்கள்.
நாடாவின் இரண்டு முனையிலும் முள்ளை வைத்து
அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் மெல்லத் திருப்பினேன்.
முக்கால் ஓம். முக்கால் ஓம். முக்கால்.
பதினான்கு வருஷத்து நாடா,
குறை சொல்ல ஒன்றுமில்லை.
எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

எல்லாவற்றையும் பூட்டி,
நீங்களே ஓட்டுங்கள் என்றேன்.
ஸ்கேனர் என் மடியில்.
மசூர் பருப்பு விளையும் நிலமெல்லாம் பனிக்கடியில்.
ஸ்கேல் வைத்துக் கிழித்த சாலை.
செட் அழுத்தினார். நூறு.
திரையில் ஒரு வரி, பிரேக்: இல்லை.
எலிவேட்டர் பின்னால் போயிற்று. இல்லை.
இல்லை.
வலப்பக்கம் வில்லோ மரங்கள் சாலையை நெருங்கும் இடம்,
அங்கேதான் அது லேசாக இடதில் சாய்கிறது.
ஆம்.

வண்டி தளர்ந்தது. குனிந்து பார்த்தேன்.
பிரேக் பெடலின் மேல் பனிக்கால பூட்ஸ்;
மிதிக்கவில்லை, வெறுமனே,
கதவு பூட்டியிருக்கிறதா என்று
தொட்டுப் பார்க்கிற அளவு.
பெடலுக்குப் பின்னால் இருக்கும் சுவிட்சுக்கு அது போதும்.
கால் வந்தால் க்ரூஸை விடு, ஏன் என்று கேட்காதே:
அதற்குக் கொடுத்த வேலை அவ்வளவே.

அவருக்குத் தெரியவில்லை.
மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
திரையை அவர் பக்கம் திருப்பினேன்.
எழுபத்தொன்றுக்கு இறங்கும்வரை
சாலையையும் அந்த ஒற்றைச் சொல்லையும் மாறிமாறிப் பார்த்தார்.
பிறகு காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு
கட்டைவிரலால் ரெஸ்யூம்.
வண்டிக்குப் பழைய நூறு நினைவிருந்தது.

பில்லில் எழுதினேன்:
பொத்தான்கள் சரி. நாடா சரி.
பிரேக் சுவிட்ச் மிகவும் சரி.
கூலியைப் பாதியாக அடித்தேன்,
அவர் முழுசாக எண்ணி வைத்தார்.
வாசலில் இடப்பக்கம் திரும்பும்போது
ஹாரனை ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.
அந்த நாடா வழியாகத்தான் அதுவும் வர வேண்டும்.
வந்தது.