பத்து மீட்டர்

ஐந்து ரோட்டில் ஆபீஸ்.
கோரிமேடு தாண்டும்போது
இடது காதில் மட்டும் மாட்டிக்கொள்வேன்.
வலது காது லாரிக்கு.

பாட்டில்லை நான் கேட்பது.
தவணை தவறியவர்களோடு
எங்கள் ஆபீஸ் பெண்கள் பேசிய பேச்சு.
போகிற வழியில் கேட்டுக்கொண்டு போனால்
ஆள் எப்படியென்று பிடிபடும் என்பார் மேனேஜர்.
அழுகிறவன், அதட்டுகிறவன்,
ராங் நம்பர் என்று குரலை மாற்றுகிறவன்,
போனை மாமியாரிடம் கொடுத்துவிடுகிறவன்.

தனிஸ்லாஸ், நாகலூர். நான்கு தவணை பாக்கி.
அவன் எடுத்ததும் முதலில் வந்தது காற்று.
வண்டியில் இருந்தான்.
"சொல்லுங்க மேடம்" என்றான். பிறகு
"இருங்க, வளைவு."
நீளமாக ஒரு ஹாரன்.
அமுதவல்லி அபராத வட்டியைக் கூட்டிச் சொல்லி முடிக்க,
"ஆமாங்க மேடம், கட்டணுந்தான். இருங்க, வளைவு."
இன்னொரு ஹாரன்.

அடிவாரம் செக்போஸ்ட் கடந்து
நான் அப்போது ஏழாவது வளைவில்.
காதுக்குள் அவன் அடித்த ஹாரனுக்கு
எதிரே பஸ் வருகிறதென்று
ஓரம்கட்டி நின்றுவிட்டேன்.
பின்னால் உட்கார்ந்திருந்த மாதேஷ்
"என்னண்ணா?" என்றான்.
ஒன்றும் வரவில்லை.
தடுப்புச் சுவரில் இருந்த குரங்கு
எங்கள் இரண்டு பேரையும் பார்த்தது.

ஒண்டிக்கடையில் டீ.
நாகலூரில் வீடு தேட வேண்டியிருக்கவில்லை.
வாசலிலேயே வண்டி,
பின்சீட்டில் பன் ட்ரே வைக்கிற இரும்புக் கூண்டு.
உள்ளே மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.
நான் பேர் சொன்னதும் நின்றது.

அவன் சண்டை போடவில்லை.
கூண்டை மட்டும் கழற்றிக்கட்டுமா என்றான்.
பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் இல்லை.
பக்கத்து வீட்டில் வாங்கிவந்தான்.
துருப்பிடித்த கடைசி போல்ட்டுக்கு
மறுபக்கம் நான் பிடித்துக்கொண்டேன்.
அரைமணி நேரம் மூன்று பேரும்
ஒரே வண்டியை ரிப்பேர் பார்க்கிறவர்கள் போலிருந்தோம்.

என் வண்டியையும் என் ஹெல்மெட்டையும்
மாதேஷ் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.
"வெறுந்தலையோட போனா அடிவாரத்துல பிடிப்பாங்க சார்"
என்று தன்னுடையதைக் கொடுத்தான் தனிஸ்லாஸ்.
உள்ளே தேங்காயெண்ணெயும் ரொட்டியும் கலந்த வாசம்.
வாரை இறுக்கும்போது
காதோரம் ஏதோ பட்டனில் விரல் பட்டது.
கனெக்டட் என்றாள் ஒரு பெண், இரண்டு காதிலும்.

அவன் சட்டைப்பையிலிருந்த போன்
எங்கேயோ நிறுத்திவைத்த பாட்டை
நிறுத்திய இடத்திலிருந்து எடுத்தது.
வயலின்கள்.
கியர் போட்டேன்.
வயலின்கள் ஏறி, இன்னும் ஏறி
ஓரிடத்தில் அப்படியே நின்றன.
பாடுகிறவள் மூச்சை இழுத்தாள்

அங்கே அறுந்தது.
கண்ணாடியில் அவன் தெரிந்தான்,
இரண்டு கையிலும் கூண்டோடு,
சட்டைப்பையைக் குனிந்து பார்த்துக்கொண்டு.

திரும்பிப் போய்க் கேட்டிருக்கலாம்.
என்னவென்று கேட்பது?

இருபது வளைவும் இறங்கினேன்.
அந்த மூச்சுக்குப் பின்னால்
எனக்குத் தெரிந்த பாட்டையெல்லாம்
ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன்.
எதுவும் உட்காரவில்லை.
சிலதுக்கு மூச்சு அதிகம்,
சிலதுக்கு வயலின் அதிகம்.
பன்னிரண்டிலோ பதினொன்றிலோ
"இருங்க, வளைவு" என்று
என் வாய் சொன்னது எனக்கே கேட்டது.
ஹெல்மெட்டுக்குள் நம் குரல்
வேறு யாருடையதோ போலத்தான் இருக்கும்.

சீலநாயக்கன்பட்டி குடோனில் படிவம்.
ஆர்.சி., சாவி, டூல்ஸ் பை.
இதரப் பொருட்கள்: இல்லை என்று எழுதி,
அடித்து,
ஹெல்மெட் ஒன்று, கறுப்பு என்று எழுதினேன்.
அடித்த இடத்தில்
சின்னதாகக் கையெழுத்து வைக்க வேண்டுமாம்.
வைத்தேன்.

ஷட்டரை இறக்கும்போது
நாற்பது வண்டிகளுக்கு நடுவே
டேங்க் மேல் அது நீலமாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது.
"தேடுது" என்றான் மாதேஷ்.
"சார்ஜ் தீந்தா தானா அணைஞ்சிரும்ணா."