இருபத்தெட்டாவது

மரைக்காயர் கடையில் ரிமோட் தொலைந்த வருஷம் அது.
டிவி எந்தச் சேனலில் நின்றதோ
பகாவ் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த எல்லாருக்கும்
அதுதான்.
மே முழுக்க யாரோ மீன் பிடித்தார்கள்.
ஜூனில் பேஸ்பால்.

ஒன்றும் புதிதில்லை.
தமிழ்ப்பள்ளித் திடலில் நாங்கள் ஆடிய ரவுண்டர்ஸ்தான்,
மட்டை தடித்து, சம்பளம் தடித்து,
எல்லாருக்கும் தொப்பி.
வெறும் கோப்பியோடு உட்கார்ந்து உட்கார்ந்தே
கணக்குப் பிடிபட்டுவிட்டது எனக்கு.
இருபத்தேழு பேர் மட்டையோடு வருவார்கள்.
ஒருத்தன்கூட முதல் மூலையை மிதிக்காமல் திரும்பினால்
வீசியவன் பெயர் புத்தகத்தில் ஏறும்.
நூறு வருஷத்துக்கு மேல் ஆடி
இருபதே இருபது பேர்
ஏறியிருந்தார்கள் அதுவரை.

அன்று சாயங்காலம் காட்டியது மறுஒளிபரப்பு.
இருபத்தாறு பேர் போய்விட்டார்கள்.
இருபத்தேழாவது ஆள் தட்டிவிட்டு ஓடுகிறான்,
வீசியவனே ஓடிப்போய் மூலையில் பந்தை வாங்குகிறான்,
ஓடியவன் கால் இன்னும் ஒரு எட்டு பின்னால்.
மரைக்காயர்கூட ரொட்டி புரட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.
நடுவர் இரண்டு கையையும் விரித்தார்.
தப்பித்தான் என்று.

“கண்ணு பொட்டையா?” என்று கத்தினேன்.
கடையே கத்தியது.
வீசியவன் கத்தவில்லை.
சிரித்தான்.
திரும்பிப்போய் அடுத்தவனுக்கு வீசினான்.

நானும் நடுவன்தான், சொல்ல மறந்துவிட்டேன்.
பழக் கிராணி.
மேடையில் வரிசையாகக் கிடக்கும் செம்பனைக் குலைகளில்
பழம் எது காய் எது என்று பார்த்து
சிவப்புப் பேனாவில் கோடு போடுகிறவன்.
ஒரு கோட்டுக்கு இவ்வளவு என்று
சம்பளத்தில் வெட்டு.

ஒரு மாசம் முழுக்க ஒரு காய்கூட வெட்டாதவனுக்கு
மேசைக் காற்றாடி பரிசு என்று
மேனேஜர் அறிவித்து மூன்று வருஷம்.
ஆபீஸ் மூலையில் பிளாஸ்டிக் உறை பிரியாமல்
நின்றுகொண்டிருந்தது அது.
பதினாலாம் நம்பர் வைரக்கண்ணு
ஜூன் இருபத்தொன்பது வரை சுத்தம்.
யாரும் அவனிடம் அதைப் பற்றிப் பேசவில்லை.
நானும் பேசவில்லை.
எண்ணிக்கொண்டு மட்டும் இருந்தேன்.

முப்பதாம் தேதி. இரவெல்லாம் மழை.
நாற்பத்தொரு குலை, கடைசிக் குலை கறுத்து ஈரமாக,
உதிர்ந்த குழி ஒன்றுகூடத் தெரியவில்லை.
கோடு போட்டேன்.
தாளை மோட்டார் சைக்கிள் பையனிடம் கொடுத்தேன்.
அவன் வளைவு திரும்பி மறைந்த பிறகுதான்
உதிரி பொறுக்கிக்கொண்டிருந்த பொன்னுருவி வந்து
புருஷன் வெட்டிய குலையைக் காலால் புரட்டினாள்.

அடிப்பக்கம் நான்கு குழி.
செக்கச்செவேல் என்று.

புரட்டிப் பார்ப்பதற்கு எனக்கு
மூன்று விநாடி ஆகியிருக்கும்.
மேனேஜரிடம் போனேன்.
எழுதினது எழுதினதுதான் என்றார்.
காற்றாடி வீணாக நிற்கிறதே என்று அடுத்த வாரம்
உறையைப் பிரித்து
என் மேசையிலேயே வைத்தார்கள்.
அது என் தாள்களை மட்டும் பறக்கவிடும்.

அமெரிக்காவில் மறுநாள் அந்த நடுவர்
எல்லார் முன்னாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.
பட்டியல் தாளை அவர் கையில் கொண்டுவந்து கொடுத்தவன்
அதே வீச்சுக்காரன்.
புத்தகம் மட்டும் திருந்தவில்லை.
நான் அழவில்லை.
அழுதால் வைரக்கண்ணுவுக்குச் சிரமம் என்று
ஒரு காரணம் வைத்திருந்தேன்.

அவன் என்ன செய்தான் என்பதைச் சொல்லவில்லையே.
குலையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
“மழைல எனக்கே தெரியாது லா, கிராணி.”
சிரித்தான்.
நீளக் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு
அடுத்த நிரைக்குள் போனான்.
அன்றைக்கு அவன் கணக்கு முடிந்திருந்தது,
தாளும் போய்விட்டது,
யாரும் எண்ணப் போவதில்லை.

மட்டை ஓலை ஒன்று முதலில் சரிந்தது.
பிறகு,
ஈர மண்ணில் ஒரு முழுக் குலை விழும்
அந்தக் கனத்த சத்தம்.