பாதி விலை

லெடுக்குக்குத் தெற்கே
கனோலா அறுத்த வயலின் ஓரம்.
ஞாயிறு, காலை ஒன்பது மணி.
புல்லைப் பிடுங்கி எறிந்து
காற்றிடம் கேட்கிறேன்.
இன்றைக்குச் சம்மதமாம்.

றோட்டர் அலகு, சோடி நூற்றெழுபது டொலர்.
ஒன்று முறிந்தாலும் சோடியாய்த்தான் தருவான்.
வால்குழாய் முப்பத்தெட்டு.
சேர்வோ எண்பது, நான்கு வேண்டும்.
பற்றரி முன்னூறு,
வீங்கினால் அதுவும் குப்பை.

மருந்துக்கடையில் மாத்திரை எண்ணும் விரல்கள் இவை.
ஐந்தைந்தாய்த் தட்டில் தள்ளும்,
ஒன்று கூடாது, ஒன்று குறையாது.
வீட்டில் மட்டும்
எந்த விலையையும் இரண்டால் வகுத்துச் சொல்வேன்.
கூடவே 'மலிவில் போட்டிருந்தான்' என்பேன்.
கேதாரன் தலையாட்டுவார்.
பொதி வரும் நாட்களில்
தபால்காரிக்கு முன்னால்
வாசலில் நிற்பது நானாய் இருக்கவேண்டும்.

விமானம் மன்னிக்கும்.
கையை எடுத்தாலும் கொஞ்சத் தூரம்
தன்பாட்டில் போகும்.
ஹெலி அப்படியில்லை,
நொடிக்கு நொடி விழப் பார்க்கிற சாமான்.
அதை மேலே வைத்திருப்பது
என் இரண்டு பெருவிரல்கள்.
அந்த ஆறு நிமிடமும்
வீட்டுக்கடன் வட்டி,
மகனின் கணக்குப் புள்ளி,
மாமியின் எம்.ஆர்.ஐ.
ஒன்றும் உள்ளே வராது.
இடமில்லை.

வால் என் பக்கம் இருந்தால் சுகம்.
இடது இடதுதான்.
மூக்கைத் திருப்பி என்னைப் பார்க்கவைத்தால்
இடதென்று தள்ள வலம் போகும்.
காப்பாற்றப் போன கையே கவிழ்த்துவிடும்.
இரண்டு வருடமும் மூன்று ஹெலியும் எடுத்தது,
முகத்துக்கு முகம்
அது அசையாமல் நிற்க.

கேதாரன் ஒருநாளும் வயலுக்கு வந்ததில்லை.
'அந்தச் சத்தம்' என்பார். அவ்வளவுதான்.
கராஜில் நான் அலகைச் சுழற்றினால்
மேல்மாடியில் தண்ணீர்க்குழாயைத் திறந்துவிடுவார்.
சின்ன வயதில் எதைக் கேட்டார் என்று
நான் கேட்டதில்லை.
என் பில்லுகளை அவரும் கேட்டதில்லை.

செப்ரெம்பர் கடைசி ஞாயிறு
என் கார் பழுது.
அவர்தான் கொண்டுவந்து விட்டார்.
கண்ணாடியை ஏற்றிவிட்டுக்
காருக்குள்ளேயே இருந்தார்.
தலைகீழாய் இரண்டு வட்டம் அடித்து
இறக்கிக்கொண்டிருக்கிறேன்,
மூக்கு என்னைப் பார்த்தபடி,
பின்னால் கார்க்கதவு திறக்கிற சத்தம்.
திரும்பினேன்.
அரை நொடிதான்.

விழுந்த சத்தம் பெரிதில்லை.
ஒரு கதிரை முறிந்தமாதிரி.

அறுத்த தாளுக்குள் குனிந்த தலையோடு
இரண்டு பேரும் முக்கால் மணிநேரம் நடந்தோம்.
கறுப்புத் துண்டுகள், கறுப்பு மண்.
வால் அலகை அவர்தான் கண்டெடுத்தார்.
சட்டையில் துடைத்து உள்ளங்கையில் வைத்து,
"இவ்வளவு சின்னனோ?" என்றார்.

பிறகு, "எத்தினை டொலர் போச்சு?"

நாக்கு வகுக்கத் தொடங்கியது. நிறுத்தினேன்.
"அறுநூற்றி நாற்பது."

"அப்ப எனக்கு முன்னூற்றி இருபது எண்டு சொல்லு.
கேட்டுப் பழகிப்போச்சு.
போன மாசப் பொதியை நான்தான் உடைச்சனான்.
திருப்பி ஒட்டிவைச்சதும் நான்தான்."

உடைந்த ஹெலியைப் பின்சீற்றில் கிடத்திப்
பெல்ற் போட்டுவிட்டார்.
நெடுஞ்சாலை இரண்டில்
சிவப்பு நிற மருத்துவ ஹெலி ஒன்று
தாழப் பறந்து எங்களைக் கடந்தது.
ஸ்ரியரிங்கில் அவர் விரல்கள் வெளுத்தன.
"எந்த வருசம்?" என்றேன்.
"தொண்ணூறு.
நெல்லுக் காயப்போட்டிருந்தம்."
அடுத்த திருப்பம் வரைக்கும்
அதற்குமேல் ஒன்றுமில்லை.

கோப்பிக்கடை வரிசையில் கார் நின்றபோது
போனை எடுத்து
அலகு ஒரு சோடி கூடைக்குள் போட்டேன்,
திரையை மறைக்காமல்.
எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு சோடியாய் எடு," என்றார்.
"இருநூறுக்கு மேலை எண்டால்
தபால்கூலி இல்லைத்தானே."