முடிவுத் திகதி

ஆறு வீட்டுத் திறப்பும் என்ர ஸ்கூட்டிப் பெட்டிக்குள்ள.
கொக்குவிலில ரண்டு, கோண்டாவிலில ஒண்டு,
கல்வியங்காடு, சுண்டுக்குளி,
மற்றது நாவற்குழி,
பெற்றோல் காசுக்குக் கட்டாது, எண்டாலும் விடேலாத வீடு.
ஆறிலயும் ஆக்கள் இல்லை.
ஆக்களின்ர சாமான் இருக்கு.

முந்தி எல்லாம் கொப்பியிலதான்.
மார்கழி மழையில கொப்பி ஊறி
செவ்வாயும் வியாழனும் ஒரே நீலமாப் போச்சு.
மோட்டர் போட்டது மறந்து,
கோண்டாவில் தாங்கி விடிய விடிய வழிஞ்சு
பக்கத்து வளவு வெங்காயப் பாத்தியில நிண்டது.
ஒஸ்லோவில இருந்து குலேந்திரன் எடுத்தார்.
ஏசேல்லை.
ஏசியிருந்தால் நித்திரை வந்திருக்கும்.

அண்டைக்கு இரவு,
போன் கடை டிலக்சன் சொன்ன செயலியை இறக்கினன்.
வேலையை எழுதச் சொல்லிச்சுது, எழுதினன்.
எத்தனை நாளுக்கு ஒருக்கா எண்டு கேட்டுது.
இவ்வளவு மரியாதையா
என்னை ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை.

செவ்வாய்தோறும்: கக்கூசுகளுக்குத் தண்ணி ஊத்து.
(பாவியாத குழாயில தண்ணி வத்தினால்
கரப்பான் ஏறும். வீட்டுக்காரருக்கு இது தெரியாது,
தெரியவும் தேவையில்லை.)
மூண்டு நாளுக்கு ஒருக்கா: முற்றம் கூட்டு,
கூட்டின பிறகு படம் எடு, கூட்ட முதல் எடுக்காதே.
ஒவ்வொரு மாதமும் 31ஆம் திகதி: மீற்றர் பார்.
மாசியில என்ன செய்வாய் எண்டு சோதிச்சன்.
ஒரு சொல்லும் பேசாமல் 28க்கு இறங்கி நிண்டுது.
பாங்குக்காரர் அப்பிடி இறங்க மாட்டினம்.

வியாழன் நாலரை: சபாநாதன் அண்ணையின்ர காரை
ஸ்ரார்ட் பண்ணிப் பத்து நிமிசம் விடு.
நாலு வருசமா விடுறன்.
கணக்குப் பாத்தால், கராஜை விட்டு வெளிக்கிடாமலே
ரண்டு தரம் கொழும்புக்குப் போய் வந்திருக்கு.

பிறகு ஒரு கேள்வி. அதில நிண்டுட்டன்.
அடுத்த தவணையை எதில இருந்து எண்ண?
குறித்த நாளில் இருந்தா,
முடித்த நாளில் இருந்தா?

புல்லு, வெட்டி முடிச்ச நாளில இருந்து வளருது.
கரண்ட் பில் குறிச்ச நாளில வருது.
நுளம்புக் குடம்பி பாக்க வாற பி.எச்.ஐ.
ரண்டுக்கும் அடங்கார்.
என்ர சம்பளம் குறிச்ச நாள்தான்,
சுண்டுக்குளிக்காரர் மட்டும்
நான் மூண்டு குரல்பதிவு அனுப்பி முடிச்ச நாள்.
புல்லை ஒரு பக்கமும் பில்லை ஒரு பக்கமுமாப்
பிரிச்சு முடிய பன்னிரண்டு தாண்டிட்டுது.

ஆகக் கீழ, சின்ன எழுத்தில: முடிவுத் திகதி.
'ஒருபோதும் இல்லை' எண்டு அதுவே போட்டிருந்தது.
நான் தொடேல்லை.

பங்குனியில மொன்றியலில இருந்து அபிரா எழுதினா.
அப்பாவுக்கு இனிப் பிளேன் ஏலாதாம், டாக்டர் சொல்லிட்டாராம்.
காரைக் குடுத்துவிடுங்கோ அக்கா.
வாங்க வந்தவர் கட்டி இழுக்கக் கயிறோட வந்தார்,
செத்த காருக்குப் பேசின விலையோட.
நான் திறப்பைப் போட்டுத் திருப்பினன்.
ஒரே அடி.
கயிறைச் சுருட்டிக்கொண்டு
மனிசன் விலையை முதலில இருந்து பேச வேண்டி வந்தது.
கேற்றால வெளிய போகேக்க
இண்டிக்கேற்றர் போட்டு வலப்பக்கம் திரும்பிச்சுது.
அது திரும்பி நான் பாத்ததில்லை.

வியாழன் நாலரைக்குப் போன் அடிச்சுது.
அழிக்கப் போனால் கேக்குது:
இதை மட்டுமா, இனி வாற எல்லாத்தையுமா?
எல்லாத்தையும் எண்டு அமத்தினால்
செய்து முடிச்ச சரிகளும் சேந்து அழியுமோ தெரியேல்லை.
டிலக்சனைக் கேக்க வேணும்.
கடைப் பக்கம் போறதும் இல்லை.

இதை மட்டும்.

அடுத்த கிழமையும் இதை மட்டும்.