முறைக்கொப்பி

சிறுபோகத்துக்குத் தண்ணீர் காணாது.
முத்தையன்கட்டு இடதுகரையில்
மூன்றாம் வாய்க்காலுக்கு நான்தான் செயலாளர்.
எவருக்கு எந்நேரம் மடை திறப்பது என்று
சதுரக்கோட்டுக் கொப்பியில் எழுதிவைப்பவன்.

வைகாசியில் ஒரு செவ்வாய்,
பதினேழாம் காணி சிவகௌரிக்கு
இரவு இரண்டிலிருந்து நாலு வரை முறை.
அவள் வரவில்லை.
தண்ணீர் ஒருவருக்கும் காத்திராமல்
கழிவு வாய்க்காலில் விழுந்து காட்டுக்குள் போனது.

கூட்டத்தில் குற்றப்பணம் ஐந்நூறு.
எழுந்து நின்றாள். காசு கைக்குள் மடித்திருந்தது.
"தம்பியை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால்
திருப்பிப் படுக்க வைக்க வேணும்.
இரண்டு, நாலு, ஆறு.
பிந்தினால் முதுகிலை புண்.
போன முறை வந்த புண்
ஒட்டுசுட்டானுக்கும் மாஞ்சோலைக்கும்
எட்டு மாசம் என்னை அலைச்சது.
அதுவும் முறைதான் அண்ணை. உங்கடை கொப்பியிலை இல்லை."

கூட்டம் சும்மா இருந்தது.
கடைசி வாங்கிலிருந்து புவனேந்திரன்,
வரம்புச் சண்டையில் அவளோடு
நாலு வருஷம் கதையாதவன்,
வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்:
"எனக்கு முறை இரண்டோடை முடியும்.
அவளின்ரை வயலுக்கும் நானே நிண்டு கட்டிவிடுறன்.
வரம்பை வெட்டினான் எண்டு பிறகு சொல்லக்கூடாது."

அப்படித்தான் கொப்பியில்
இரண்டாவது கோடு கீறினேன்.

கீறியதும் ஆட்கள் வந்தார்கள்.
இருபத்தோராம் காணி நல்லதம்பி, வயது எழுபத்துமூன்று.
மனைவி விடியப்புறம் எழும்பி
மல்லாவி பஸ்ஸுக்கு வெளிக்கிடுவாளாம்.
மல்லாவியில் அவளுக்கு இப்போது ஒருவரும் இல்லை.
றோட்டில் கண்டால் மறிக்க வேண்டாம்,
கூட நடந்து, கதை கொடுத்து,
பாலத்தடியில் திருப்பிக் கொண்டுவந்தால் போதும் என்றார்.
பால் எடுக்கும் பெடியன் ஒத்துக்கொண்டான்.

ஒன்பதாம் காணிக்காரி படுக்கையில்.
வந்து நின்றது மகன் வினுஜன், ஏழாம் ஆண்டு.
தங்களுக்கு ஒன்றும் வேண்டாம் என்றான்.
படலை வரை போய்த் திரும்பி,
"இடாப்பு கூப்பிட முதல் போகேலாமல் கிடக்கு,
ரீச்சரிட்டைச் சொல்லுவீங்களோ."
ரீச்சர் இப்போது எட்டேகாலுக்கு
இடாப்பை மறுபடி திறக்கிறா.
வெள்ளி பின்னேரம் அவன் பந்தடிக்கப் போக
தாயோடு இருக்க இரண்டு வீட்டுப் பெண்கள்.
இரண்டு வெள்ளி வந்தார்கள். மூன்றாவது மறந்துபோனார்கள்.
நாலாவதுக்கு நான் போன் அடித்தேன்.

சிவகௌரிக்கு ஒரு முழு இரவு கொடுத்தோம்.
ஆஸ்பத்திரியில் வேலை செய்த யசோதினி
தம்பியைப் பார்க்க வந்தாள்.
எந்தப் பக்கம், எத்தனை தலையணை,
குழாய் எங்கே மடங்கும் என்று
சிவகௌரி மூன்று தரம் காட்டினாள்.
காட்டிவிட்டுப் படுத்தாள். நித்திரை வரவில்லை.
வயலுக்கு வந்து வரம்பில் குந்தியிருந்தாளாம்.
"கதைச்சனியோ?" என்று புவனேந்திரனைக் கேட்டேன்.
"இல்லை. நானும் இருந்தன்.
தண்ணி அண்டைக்கு நல்லாய் வந்தது."

ஆனி முடிய ஒரு மத்தியானம்
தேத்தண்ணி கொண்டுவந்த கோமளேஸ்வரி
கொப்பியை எடுத்து விரலால் இறங்கினாள்.
ஒன்பது. பதினேழு. இருபத்தொன்று.
"பதினொண்டைக் காணேல்லை," என்றாள்.

பதினொன்று எங்கள் காணி.

உள்ளறையில் என் அப்பு இருமினார்.
பாரிசவாதம், வலப்பக்கம், ஆறு வருஷம்.
அந்த அறைக்குள் நான் போவது
பேப்பர் வாசித்துக் காட்ட.

பேனையைத் திறந்தேன்.
எவரை எழுதுவது? ஊரையா?
மூடி வைத்துவிட்டுக் கேட்டேன்,
"ராவிலை இவரை
எந்தப் பக்கம் சரிச்சுப் படுக்க வைக்கிறனி?"

அவள் உடனே சொல்லவில்லை.
தேத்தண்ணி ஆறியது.
"முதலிலை இடப்பக்கம்," என்றாள்.
"மிச்சம் பிறகு சொல்லுறன்.
கனக்கக் கிடக்கு."