மூன்று மில்லி

காலை ஐந்தேகால். கம்பம்மெட்டு அடிவாரம்.
பதினான்கு பேரை ஏற்றிய ஜீப்
உறுமிக்கொண்டே நிற்கிறது.
ஒச்சம்மாவின் இடது கண்ணை
இரண்டு விரலால் விரித்துப் பிடித்திருக்கிறேன்.
"வெரசாப் பாரு தாயி, வண்டிக்காரன் வைவான்."
வண்டிக்காரன் சன்னாசி வையவில்லை.
ஹெட்லைட்டை மட்டும் அணைத்துத் தந்தான்.

வெள்ளிக்கிழமை ஏலத்தட்டை அடித்ததாம்.
காயெடுக்கக் குனிந்தவளின் கண்ணில்
இலைநுனி ஒரு கோடு போட்டது, அவ்வளவுதான்.
சனிக்கிழமை தாய்ப்பால். ஞாயிறு விளக்கெண்ணெய்.
திங்களன்று மெடிக்கலில் கேட்டு வாங்கிய
ஏதோ ஒரு சொட்டு மருந்து.
செவ்வாய், நான்.

மஞ்சள் சாயத் தாளை இமைக்குள் தொட்டெடுத்தேன்.
போனில் பொருத்திய லென்ஸ், அதன்மேல் நீல விளக்கு.
இருட்டு நல்லதாகப் போயிற்று:
கருவிழியில் பச்சையாக எரிந்தது
இலை விட்டுப்போன இடம்.

ஆப் கேள்வி கேட்டது.
வயது? "நாப்பதுன்னு போடு."
ஆதாரில் நாற்பத்தேழு.
காயம் பட்ட மாவட்டம்?
கீழே இழுத்தேன். தேனி வந்தது, திண்டுக்கல் வந்தது,
இடுக்கி வரவேயில்லை.
தினமும் மலையேறி வேலைக்குப் போகிற கண்கள் உண்டென்று
அந்தப் பட்டியலைச் செய்தவருக்குத்
தோன்றவில்லை போல.
'மற்றவை' என்பதை அழுத்தினேன்.

அனுப்பினால் சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது.
மலையாளத்தில் ஒரு ரீசார்ஜ் விளம்பரம் உள்ளே வந்தது;
படம் வெளியே போகவில்லை.
அந்தப் பக்கத்து டவரும் இந்தப் பக்கத்து டவரும்
என் போனை மாறி மாறி இழுத்துப் பார்த்து
இரண்டுமே விட்டுவிட்டன.

"மூணாவது வளைவுல கிடைக்கும்," என்றான் சன்னாசி.
"எம்மவன் அங்க நின்னுதான்
பொண்டாட்டிகிட்ட சண்டை போடுவான்."
பதினைந்தாவது ஆளாக என்னையும் திணித்துக்கொண்டார்கள்.
என் மடியில் யாருடைய தூக்குவாளியோ, இன்னும் சூடாக.
வளைவில் கையை வெளியே நீட்டினேன்,
மழை வருகிறதா என்று பார்ப்பவளைப் போல.
போய்விட்டது.

தேனியிலிருந்து டாக்டரம்மா,
நைட் டியூட்டி இன்னும் முடியாத குரல்:
"பூஞ்சையா இருக்கலாம். அந்தச் சொட்டு மருந்தை
உடனே நிறுத்தச் சொல்லுங்க. மூணு மில்லி இருக்கு.
இன்னைக்கே வரணும், நாளைக்கு இல்ல."

இன்றைக்கு என்றால் ஒரு நாள் கூலி.
இன்றைக்கு என்றால் பஸ் காசும் கங்காணியின் முகமும்.
ஒச்சம்மா போனை வாங்கித்
தன் கண்ணைத் தானே பார்த்தாள்.
காய் பிரிக்கிற விரலால் பெரிதாக்கினாள்.
"மூணு மில்லியா?" சிரித்தாள்.
"ஸ்டோர்ல சலிச்சா அது சல்லடையில நிக்காது தாயி.
எட்டு மில்லி இருந்தாத்தான் வெல."

ஜீப்பே சிரித்தது.
நானும் சிரித்தேன், என்ன செய்வதென்று தெரியாமல்.
பிறகு சொன்னேன்:
"இது நின்னுக்கிரும்க்கா. கண்ணுதான் கீழ போயிரும்."

யாரும் பேசவில்லை.
மேலிருந்து இறங்கிவந்த பால்வண்டிக்குச்
சன்னாசி கை காட்டினான்.

இது ஆறாவது வாரம்.
தினமும் ஒரு படம் அனுப்பச் சொல்லியிருந்தேன்.
வருவதில் பாதி மூக்குத்தி.
ஒரு நாள் ஜீப்பின் தார்ப்பாய். ஒரு நாள் கட்டைவிரல்.
எப்போதாவது கண்.
இரண்டரை. இரண்டு. அப்புறம் ஒன்று.
மேற்கொண்டு குறையாத ஒரு வெண்தழும்பு
அங்கேயே தங்கிவிடும்.
எதிரே வரும் வண்டியின் வெளிச்சம்
உடைந்து உடைந்து தெரிகிறதாம்.
'குணமடைந்தார்' என்று குறிக்க ஆப்பில் ஒரு கட்டம் உண்டு.
நான் இன்னும் அதைத் தொடவில்லை.

இன்று படத்துக்குப் பதிலாகக் குரல் வந்தது.
ஜீப் இரைச்சல், யாரோ யாரையோ நகரச் சொல்வது,
நடுவில் அவள்:
"சல்லடையில விழுந்துருச்சா, தாயி?"

பதில் எழுதி அனுப்பினேன்.
ஒற்றை டிக்.
மூன்றாவது வளைவைத் தாண்டியிருப்பாள்.