இருநூற்று நாற்பது

பன்னிரண்டு மாசத்தில்
இருநூற்று நாற்பது நாள் வேலை பார்த்ததாய்க் காட்டினால்
நான் தொழிலாளி.
ஒன்று குறைந்தால்
மணலி ரோட்டில் அந்தப் பக்கமாய்ப் போன எவனோ.

வருகைப் பதிவேடு வெள்ளத்தில் போய்விட்டது
என்கிறது கம்பெனி.
ஆபீஸ் இரண்டாம் மாடியில்.
எர்ணாவூரில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர்;
வடிந்தபின் போய்ப் பார்த்தால்
பரண்மேல் பிஸ்கட் டின்னில்
தேதி குத்திய கேன்டீன் டோக்கன்கள்
காய்ந்தே கிடந்தன.

நூற்றுப் பதினொன்று.

சாப்பிட்டால் டோக்கனைக் கவுண்டரில் வாங்கிக்கொள்வார்கள்.
ரோஸ்லின் நெத்திலிக் குழம்பு கட்டிக் கொடுத்த நாள்தான்
மிச்சமாகும்.
ஆக, சட்டம் நம்பக்கூடியது
என் நெத்திலி நாட்களை மட்டும்.
சாம்பாரில் கரைந்த நாட்களுக்கு
நான் எங்கே போவேன்?

கையைக் காட்டினேன். வால்வு பிய்த்துக்கொண்டு அடித்த தழும்பு.
"தழும்புல தேதி இல்லையே" என்றார் எதிர்வக்கீல்.
அதுவும் சரிதான்.

பெஞ்சில் எனக்குப் பக்கத்தில்
பிரிண்டிங் பிரஸ் ஆள் ஒருவர், ஆறாவது வருஷமாம்,
வழக்குக் கட்டைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறார்.
பெயர் கூப்பிட்டால் மட்டும் விழிப்பு வரும்.

இன்று கம்பெனித் தரப்புச் சாட்சி
டைம் கீப்பர் ஏகாம்பரம்.
பதினோரு வருஷம் என் கார்டில் துளை போட்ட மனுஷன்.
கூண்டேறி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு
என்னைப் பார்த்தார்.
மறுபடி கழற்றித் துடைத்தார்.
"இவரை நான் பார்த்ததில்லை."
தட்டச்சு மேடம் அதை அடித்தார்.
மின்விசிறி ஒரு தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தது.

வாய்தா.
ஆடி கழித்து.

பாரிமுனை சிக்னலுக்கு இந்தப் பக்கம்
நான் நின்ற டீக்கடைக்கே அவரும் வந்தார்.
ஹார்பர் லாரி ஒன்று
எங்கள் இருவருக்கும் சேர்த்து ஹாரன் அடித்துப் போனது.
காசை அவரே நீட்டினார்:
"ரெண்டு டீ. ஒண்ணுல சக்கர வாணாம்."

சர்க்கரை எனக்குத்தான்.
கோர்ட்டில் யாரும் அதைக் கேட்கவில்லை.

"ரிட்டயர்மென்ட்டுக்கு ஏழு மாசம், டில்லி"
என்றார், கிளாஸைப் பார்த்து.
திட்ட வாய் வந்தது.
டீ நல்ல சூடு.

படியிறங்கி வந்த வக்கீல் சகாயமேரி
"வேற எதுனா ஆதாரம் இருக்கா, யோசிங்க" என்றார்.

திரும்பிப் பார்ப்பதற்குள்
டீ மாஸ்டர் இரண்டு கிளாஸையும்
ஒரே வாளித் தண்ணீரில்
முக்கி எடுத்துவிட்டார்.